இரண்டாவது கர்ப்பம், 21 வாரம், எடை ஒரு கிலோதான் கூடியிருக்கிறது

தறிச்சத்தம் | ஜூன் 4, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். குமாரபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். மூத்தவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இப்போது இரண்டாவது, 21-ஆவது வாரம் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள், 46 கிலோ. கர்ப்பம் உறுதியானபோது 45 இருந்தேன். மசக்கையில் 43 வரைக்கும் இறங்கி இப்போதுதான் மேலே வந்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் ஐந்து மாதத்தில் ஒரே ஒரு கிலோ. ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.4 என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது இதே மாதத்தில் ஆறு கிலோ கூடியிருந்தேன். மொத்தம் 14 கிலோ. அப்போது ஆரம்பத்தில் 50 கிலோ இருந்தேன், அம்மா வீட்டில் வேளாவேளைக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் தறி ஓடுகிறது, தறிக்கு நூல் தார் சுற்றுவது என் வேலை, இடையில் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

மாமியார், "வயிறு நன்றாகத் தெரிகிறது, பிள்ளை வளர்கிறது, எடையைப் பற்றிக் கவலைப்படாதே" என்கிறார். வயிறு நான்காம் மாதமே தெரிந்துவிட்டது, அது உண்மைதான். ஆனால் எடை ஏன் ஏறவில்லை? என் உயரம் 158 செ.மீ. அனுபவம் உள்ள அக்காக்கள் சொல்லுங்கள். இரவில் படுத்தால் இதே நினைப்பாக இருக்கிறது.

காவிரிமணல் | ஜூன் 4, இரவு 11.20

எனக்கும் இரண்டாவது தடவை இப்படித்தான் இருந்தது, தோழி. மசக்கை ஐந்தாம் மாதம் வரை விடவே இல்லை. ஏழாம் மாதத்துக்குப் பிறகு மளமளவென்று ஏறியது. பிள்ளை அசைவது தெரிகிறதா? இரண்டாவதில் சீக்கிரமே தெரியும் என்பார்கள். எனக்கு 17-ஆவது வாரத்திலேயே தெரிந்தது.

தறிச்சத்தம் | ஜூன் 4, இரவு 11.26

தெரிகிறது அக்கா. நன்றாகவே அசைகிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஓய்வுபெற்ற செவிலி | ஜூன் 5, காலை 6.10

கண்ணு, நான் கிராம சுகாதாரச் செவிலியராக 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். உன் டாக்டர் சொல்வதற்கு மேலாக நான் எதுவும் சொல்லவில்லை. அட்டையில் இருக்கும் எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வயிற்றை விடு. முதல் பிரசவத்தில் வயிற்றுத் தசை ஒருமுறை இழுபட்டுத் தளர்ந்துவிட்டது. அதனால் இரண்டாவதில் எல்லோருக்கும் சீக்கிரமே வெளியே தெரியும். அதை வைத்துப் பிள்ளை வளர்த்தியைச் சொல்ல முடியாது. செவிலியர் டேப் வைத்து அளக்கிறாரே, அந்த அளவுதான் கணக்கு. ஐந்தாம் மாதம் தாண்டினால் அது செ.மீ. கணக்கில் ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப் போகும்.

அடுத்தது, மூத்தவளுக்கு எத்தனை கிலோ கூடினாய் என்பதையும் விடு. அன்றைக்கு நீ 50 கிலோ, இன்றைக்கு 45. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (பி.எம்.ஐ. என்பது இதுதான்) அன்று 20 வரும், இன்று 18. இது 18.5-க்குக் கீழே போனால் எடை குறைந்த தாய் என்று அர்த்தம். பிள்ளை பெற்று, இரண்டு வருடம் பால் கொடுத்து, வேலையும் பார்த்ததில் உன் உடம்பு கையிருப்பைச் செலவழித்துவிட்டது. ஆரம்பித்த இடம் மாறிவிட்டதால் சேர வேண்டிய அளவும் மாறும்.

நம் ஊரில் எல்லோரிடமும் "பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்ட அளவைத்தான் இப்போது பல டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதன்படி பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. அதற்கு மேல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5. முப்பதும் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9. நம் ஆட்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்வதால், எல்லையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ கூடும். மசக்கையில் பலருக்கு இறங்கவும் செய்யும், அது தனியாகப் பெரிய கெடுதல் இல்லை. நான்காம் மாதத்திலிருந்து உனக்கு வாரத்துக்கு அரை கிலோ ஏற வேண்டும். இன்னும் 19 வாரம் இருக்கிறது. இனி ஒழுங்காக ஏறினால் ஒன்பது, ஒன்பதரை கிலோ வரும். முடிவில் 55-ஐ ஒட்டி நிற்பாய். விட்டுப்போனதையும் பிடிக்கிறேன் என்று ஒரே மாதத்தில் ஐந்து கிலோ ஏற்றப் பார்க்காதே, அதில் ஒரு பயனும் இல்லை.

சரி, நேற்று காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்ன சாப்பிட்டாய் என்று ஒன்று விடாமல் எழுது. மாத்திரையை எப்போது, எதோடு போட்டாய் என்பதும் வேண்டும்.

தறிச்சத்தம் | ஜூன் 5, மதியம் 2.40

அம்மா, எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

காலை 6 மணிக்கு டீ. அதோடு இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டும். 9 மணிக்குப் பாப்பா தின்று மீதி வைத்த தோசை, அதோடு இன்னொன்று. 11 மணிக்கு டீ, வர்க்கி. மதியம் இரண்டரைக்கு ரசம் சாதம், அப்பளம். குழம்பு வாசம் வந்தாலே குமட்டுகிறது. ஐந்து மணிக்கு டீ. இரவு ஒன்பதரைக்கு இரண்டு இட்லி, சட்னி. முட்டை வாங்குகிறோம், அது பாப்பாவுக்கும் அவருக்கும் போய்விடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துமாவுப் பெட்டியைப் பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தே தீர்த்துவிட்டேன். பச்சரிசி தின்னத் தோன்றுகிறது, தினமும் ஒரு கை தின்கிறேன். இது நேற்று மட்டுமில்லை, பெரும்பாலும் எல்லா நாளும் இதுதான்.

ஓய்வுபெற்ற செவிலி | ஜூன் 5, மாலை 4.15

சங்கடப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது பிள்ளைக்காரிகள் பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் தட்டு இப்படித்தான் இருக்கும். முதல் தடவை ஊரே அவளுக்கு ஊட்டும். இரண்டாவது தடவை அவள்தான் எல்லோருக்கும் ஊட்டிக்கொண்டிருப்பாள். மூத்த பிள்ளையின் மீதியே அவளுக்குச் சாப்பாடு.

மாத்திரையில் தொடங்குகிறேன், உன் ரத்தக் குறைவுக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் ஏறவிடாது. சுண்ணாம்பு மாத்திரையும் அதைத் தடுக்கும். நீ ஒரே வாயில் மூன்றையும் போட்டிருக்கிறாய். சுண்ணாம்பு மாத்திரையைக் காலை, மதியச் சாப்பாட்டோடு போடு. இரும்பு மாத்திரை தனியாக, டீக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு. குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகப் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே.

11-க்குக் கீழே என்றாலே ரத்தசோகைதான். 9.4-க்கு வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை தருவார்கள். உனக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டாயம் கேள். ஒரு மாதம் போட்டும் ஒரு புள்ளியாவது ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம், அது அரசு ஆஸ்பத்திரியிலேயே உண்டு. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேள். பச்சரிசி, சாம்பல், அடுப்புக்கரி தின்னத் தோன்றுவது ரத்தம் குறைந்தவர்களிடம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் ஏறினால் அந்த ஆசை தானாக அடங்கும்.

அடுத்து சாப்பாடு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி கர்ப்பிணிக்கு நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்றால் இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. ஒரு அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இந்த மூன்றும் சேர்ந்தால் 350 வந்துவிடும். புரதமும் 18 கிராம் வரை கிடைக்கும். உனக்கு ஆரம்பமே குறைவு என்பதால் இது போதாது. இதற்கு மேல் ஒரு சத்துமாவு உருண்டையும், மதியம் ரசத்துக்குப் பதில் பருப்பும் சேர வேண்டும். குழம்பு வாசம் ஆகவில்லை என்றால் தாளிக்காத பருப்பில் நெய்யும் உப்பும் போட்டுப் பிசைந்து சாப்பிடு.

ஒரே வேளையில் ஏற்ற முடியாது, வயிற்றில் இடம் கிடையாது. ஆறு வேளையாகப் பிரி. தார் சுற்றும் இடத்தில் ஒரு டப்பாவில் வறுத்த கடலையும் பொரிகடலையும் வெல்லமும் வைத்துக்கொள். கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் வாய்க்குப் போகும்.

இன்னொன்று, பாப்பாவுக்கு மூன்று வயது ஆகிவிட்டதே, அங்கன்வாடிக்கு ஏன் அனுப்பவில்லை? அவளுக்கு அங்கேயே மதியச் சாப்பாடு, வாரத்தில் சில நாள் முட்டை. உனக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை கிடைக்கும். உன் பெட்டியில் வருவது உனக்கு உரியது. அந்த மாவும் பேரீச்சம்பழமும் நெய்யும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கென்று கொடுப்பவை. அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதைப் பார்த்து வேலைக் காலம் முழுக்க நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வேப்பம்பூ | ஜூன் 5, இரவு 9.05

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என் கதை நேர்மாறு. அதனால் இங்கேயே கேட்கலாமா?

திண்டுக்கல். இரண்டாவது, 26 வாரம். உயரம் 160. மூத்தவனுக்கு 66 கிலோவில் ஆரம்பித்து 85 வரை போனேன். பிரசவத்துக்குப் பிறகு முழுக்க இறங்கவே இல்லை, 74-இல் நின்றுவிட்டேன். இந்தக் கர்ப்பம் அந்த 74-இல் ஆரம்பித்தது. இப்போது 79. போன வாரம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பரிசோதித்ததில் 158 வந்துவிட்டது. பயத்தில் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், ஒரு டம்ளர் பால் மட்டும் குடிக்கிறேன். இனி பிரசவம் வரை ஒரு கிலோகூட ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

ஓய்வுபெற்ற செவிலி | ஜூன் 6, காலை 6.30

சரியில்லை அம்மா. தயவு செய்து இன்றைக்கே இரவுச் சாப்பாட்டை ஆரம்பித்துவிடு.

பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பை உருக்கும். அதில் உண்டாகும் கழிவு ரத்தத்தில் சேர்வது பிள்ளைக்கு ஆகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இரவு நீண்ட நேரம் வெறும் வயிறாக இருப்பது இன்னும் கெடுதல். உன் பி.எம்.ஐ. 29-ஐ ஒட்டி வருகிறது, அதனால் மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை உனக்கு இடம் இருக்கிறது. ஐந்து கூடிவிட்டது. இனி வாரத்துக்கு 300 கிராமுக்கு உள்ளே, மாதத்துக்கு ஒரு கிலோ சொச்சம் என்று போனால் ஒன்பது கிலோவில் முடியும். நல்ல கணக்குதான்.

நீ குடித்தது 75 கிராம் குளுக்கோஸ். இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வரச் சொல்லாமல், வந்த நேரத்திலேயே குடிக்கவைத்துப் பார்க்கும் இந்த முறைக்காகப் போராடியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. பேருந்து ஏறி வரும் கர்ப்பிணியை "நாளைக்கு வெறும் வயிற்றில் வா" என்று அனுப்பினால் அவள் மறுபடி வரமாட்டாள். அதை அவர் புரிந்துகொண்டிருந்தார். அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

வழக்கமாக முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டு மாற்றம் மட்டும்தான். பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 120-க்குள் இருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள், அதற்கும் பயப்பட வேண்டாம்.

இட்லி நாலு என்றால் இரண்டாக்கு, சாம்பாரை இரண்டு கரண்டி கூட்டு, கூட ஒரு முட்டை. சோற்றை ஒரு கப்பில் அள்ளி வை. மீதித் தட்டில் பொரியல், கூட்டு, சுண்டல், மீன். பழச்சாறு வேண்டாம், பழத்தைக் கடித்துத் தின்னலாம். கேழ்வரகு, கம்பு நல்லதுதான். ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், களியோ அடையோ அளவாகச் சாப்பிடு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கால் மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நட.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தங்கிவிடும் எடைதான் பல பெண்களுக்கு இரண்டாவதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரக் காரணமாகிறது. அந்த இடைக்காலத்தில் யாரும் தாயின் எடையைப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயது வரை தடுப்பூசி போட வரும்போதெல்லாம் பிள்ளையை எடை போடுவோம், பக்கத்தில் நிற்கும் தாயை எடை மேடையில் ஏறச் சொல்லமாட்டோம். இது எங்கள் பக்கக் குறை. எனக்கு இன்றும் மனதில் உறுத்துகிறது.

நெல்மணி | ஜூன் 6, காலை 11.40

நான் மூன்று பெற்றவள், அறுபது வயது ஆகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எடை போடு, எடை போடு என்று தின்னவைத்தால் பிள்ளை பெரிதாகி ஆபரேஷனில் முடியும். எங்கள் காலத்தில் எட்டாம் மாதத்துக்கு மேல் சோற்றைக் குறைத்துத்தான் சாப்பிடச் சொல்வார்கள். சுகப்பிரசவமாகத்தான் ஆனது.

காவிரிமணல் | ஜூன் 6, மதியம் 12.15

அம்மா, என் பாட்டியும் இதையேதான் சொல்வார். அவருக்குப் பிறந்தவை ஆறு, தங்கியவை நாலு. எடை குறைந்து பிறந்ததுதான் காரணமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த அறிவுரையைப் பின்பற்ற மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி | ஜூன் 6, மாலை 5.00

நெல்மணி அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆபரேஷன் பயம் பொய்யான பயம் என்றும் சொல்லமாட்டேன். வேப்பம்பூ மாதிரி சர்க்கரை ஏறியவர்களுக்கும் அளவுக்கு மிஞ்சி எடை கூடியவர்களுக்கும் பிள்ளை பெரிதாகும், சிக்கலும் வரும். ஆனால் 45 கிலோ பெண் சோற்றைக் குறைத்தால் அவளுக்குப் பிறப்பது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்கலாம். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சூடு தங்காது, பால் இழுக்கத் தெம்பு இருக்காது, தொற்று சீக்கிரம் பற்றும். பிள்ளை நல்ல எடையோடு இருந்து, தாயும் தெம்பாக முக்கினால் சுகப்பிரசவம் ஆகும். தெம்பில்லாத தாயின் ரத்தம் 8-இல் நிற்கும்போது பிரசவ ரத்தப்போக்கு என்ன செய்யும் என்பதை நான் பிரசவ அறையில் பார்த்திருக்கிறேன்.

கூடுகிற பன்னிரண்டு கிலோவும் பிள்ளை இல்லை. பிள்ளை மூன்று, நஞ்சுக்கொடி முக்கால் கிலோ, பனிக்குட நீர் ஒரு கிலோ, கர்ப்பப்பை ஒரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றரை, மார்பு அரை, உடம்பில் சேரும் நீர் ஒன்றரை, மீதி பால் கொடுப்பதற்காக உடம்பு சேமிக்கும் கொழுப்பு. நீங்கள் குறைக்கச் சொல்லும் சோற்றில் இவை எல்லாமே குறையும்.

பனங்கூடல் | ஜூன் 6, இரவு 8.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். எனக்கு இது இரண்டாவது பிள்ளை, 30 கிழமை (வாரம்). எங்கட கிளினிக்கில் தாற பதிவேட்டில் நிறைக்கென்று ஒரு வரைபடம் இருக்கு. முதல் நாள் பார்த்த நிறையையும் உயரத்தையும் வைச்சு எந்த நிறப் பட்டைக்குள்ள போகவேணும் என்று குடும்பநல மாது அடையாளம் போட்டுத் தருவா. ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைப்பா. புள்ளி கீழ போனால் எனக்கே தெரியும், ஆரையும் கேட்கத் தேவையில்லை. தங்கச்சி, நீங்களும் ஒரு கொப்பியில் கோடு போட்டுப் பாருங்கோ.

எங்களுக்குத் திரிபோஷா என்ற சத்துமா தருவினம். அதையும் மூத்த பிள்ளைதான் சாப்பிட்டு முடிக்கிறது. செவிலி அம்மா எழுதினதை வாசிச்சிட்டு இரண்டு பைக்கற்றையும் மேல் தட்டில் எடுத்து வைச்சிட்டன். உழுந்தும் வறுத்து இடிச்சு நல்லெண்ணெய், பனங்கட்டி போட்டுக் களி கிண்டலாம். குமட்டல் உள்ளவைக்கு அது இறங்கும்.

தறிச்சத்தம் | ஜூன் 20, இரவு 10.15

இரண்டு வாரம் ஆகிவிட்டது. பாப்பாவை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டோம். முதல் மூன்று நாள் அழுதாள், இப்போது போகிறாள். மதியம் ஒரு மணிக்கு அவர் தறியை நிறுத்திவிட்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நேற்று எடை 47.2. மாத்திரையை இரண்டாக்கிக் கொடுத்தார்கள். மாமியார் குங்குமப்பூ வாங்க வேண்டும் என்கிறார். அது எடை கூட உதவுமா?

ஓய்வுபெற்ற செவிலி | ஜூன் 21, காலை 6.20

1.2 கிலோ. இது போதும், இதே வேகம் போதும்.

குங்குமப்பூவில் எடையும் ஏறாது, நிறமும் மாறாது. ஒரு கிராம் வாங்கும் காசுக்கு உனக்கு ஒரு மாத முட்டை வாங்கிவிடலாம். மாமியாரிடம் மறுத்துப் பேசாமல், "அந்தக் காசுக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள் அத்தை" என்று அவர் கையிலேயே பொறுப்பைக் கொடு. ஊட்டத்தான் அவர் ஆசைப்படுகிறார்.

வீட்டில் எடை பார்ப்பதாக இருந்தால் எப்போதும் ஒரே மெஷினில், காலையில், வாரத்துக்கு ஒருமுறை பார். தினமும் பார்த்தால் மனக்குழப்பம்தான் மிஞ்சும்.

ஷார்ஜா வெயில் | ஜூலை 2, இரவு 1.50

அவசரமாகக் கேட்கிறேன். மனைவி புதுக்கோட்டை பக்கம் கிராமத்தில் இருக்கிறார். இரண்டாவது கர்ப்பம், 33 வாரம். எட்டு நாளில் இரண்டரைக் கிலோ கூடிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டோம். இப்போது வீடியோவில் பார்த்தால் முகம் உப்பியிருக்கிறது. மோதிரம் கழற்ற வரவில்லையாம், மாலையிலிருந்து தலைவலி. காலையில் காட்டினால் போதுமா?

பனங்கூடல் | ஜூலை 2, இரவு 2.05

அண்ணா, காலை வரைக்கும் வைச்சிருக்காதேங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ.

காவிரிமணல் | ஜூலை 2, இரவு 2.09

108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கர்ப்பிணி, தலைவலி, முகவீக்கம் என்று சொன்னால் போதும். அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற செவிலி | ஜூலை 2, காலை 5.35

இப்போதுதான் பார்த்தேன். போய்விட்டார்களா? ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுவது சாப்பாட்டினால் வருவதில்லை, நீர் கோத்துக்கொள்கிறது. கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எது இருந்தாலும் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். 140/90-ஐ எட்டினாலே ஆபத்து எல்லைதான். முதல் பிரசவத்தில் வரவில்லை, அதனால் இப்போது வராது என்று யாரும் இருந்துவிடாதீர்கள். பதில் எழுதுங்கள் தம்பி.

ஷார்ஜா வெயில் | ஜூலை 3, மாலை 6.30

அன்றிரவே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 160/100 இருந்ததாம். சிறுநீரில் புரதமும் போகிறது. சேர்த்துக்கொண்டு மாத்திரை கொடுக்கிறார்கள். தலைவலி நின்றுவிட்டது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. 37 வாரம் வரை கொண்டுபோகப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நேரத்தில் விழித்திருந்து பதில் சொன்ன இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

வேப்பம்பூ | ஜூலை 9, இரவு 9.30

என் கணக்கு: சாப்பாட்டுக்குப் பிறகு 112. எடை 80.1. மருந்து இல்லாமலே இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. மாமனார் வீட்டில் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். ஏழு வகைக் கலவைச் சாதம். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி தின்றே ஆக வேண்டும் என்பார்கள். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற செவிலி | ஜூலை 10, காலை 6.15

ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி இல்லை, ஒரு வாய். அதற்கு முன்பே ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் சாப்பிட்டுவிடு. சாப்பிட்டதும் உட்காரவைத்துவிடுவார்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து உட்கார். அன்றைக்குச் சந்தோஷமாக இரு.

ஆடிக்காற்று | ஜூலை 22, காலை 10.40

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். மூத்தவனுக்கு 13 மாதம்தான் ஆகிறது, இன்னும் பால் குடிக்கிறான். இரண்டாவது 10 வாரம். பாலை நிறுத்தினால்தான் எடை கூடும் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி | ஜூலை 22, மாலை 4.40

முன்பு குறைப்பிரசவமோ கருச்சிதைவோ இல்லை, இப்போது ரத்தக் கசிவும் இல்லை என்றால் பெரும்பாலும் உடனே நிறுத்த வேண்டியதில்லை, டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள். ஆனால் உன் உடம்பு பால் கொடுக்கும் செலவையும் கர்ப்பச் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இரண்டு வருட இடைவெளி கேட்பது இதற்காகத்தான். நீ இன்னொருத்தியைவிட ஒரு வேளை அதிகமாகச் சாப்பிட வேண்டும். அவனுக்கு மற்ற சாப்பாட்டைக் கூட்டு, இரவுப் பாலை மெதுவாகக் குறை. ரத்தத்தை மாதம் தவறாமல் பார்.

தறிச்சத்தம் | அக்டோபர் 17, மதியம் 3.20

பையன் பிறந்து ஐந்து நாள் ஆகிறது. சுகப்பிரசவம். 2 கிலோ 850 கிராம். கடைசியாகப் பார்த்தபோது என் எடை 54.6, ரத்தம் 11.2. பச்சரிசி ஆசை எந்த மாதம் போனது என்றே நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்கிறார்கள். பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும். செவிலி அம்மா, இதற்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலி | அக்டோபர் 17, மாலை 5.10

கண்ணு, கண் நிறைந்துவிட்டது. பையனுக்கு என் ஆசி.

பூண்டு இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், கர்ப்பத்தில் கேட்டதைவிட அதிகம். தண்ணீரை யாரும் அளக்க வேண்டாம், ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். முட்டை, கருவாடு, கீரை, பருப்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே சாப்பிடலாம். இரும்பு மாத்திரை இன்னும் ஆறு மாதம். பையனுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போவாயே, அன்றைக்கு அவனை எடை போட்டதும் நீயும் மெஷினில் ஏறு. யாரும் சொல்லாவிட்டாலும் ஏறு. அந்த எண்ணை இங்கே எழுது.

வேப்பம்பூ | நவம்பர் 2, காலை 7.45

நானும் அதைத்தான் செய்தேன் அம்மா. பெண் குழந்தை, 3 கிலோ 100. பிரசவத்துக்கு முன் 83. ஆறாவது வாரம் சர்க்கரை மறுபடி பார்த்தார்கள், இப்போது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். என் எடை 75.4. மூத்தவனுக்குப் பிறகு இதே வாரத்தில் எவ்வளவு இருந்தேன் என்று தேடிப் பார்த்தேன், எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. இந்த முறை நானே எழுதி வைத்துவிட்டேன்.